உளைவு

கட்டில் காணாத கார்த்திகை.
இருபத்திமூன்றுக்கும் இருபத்திநாலுக்கும் நடுவில்
பாய் விரித்துக் கிடக்கிறா
குருநகர் மதலேனம்மா.

"நோகேல்லை மிஸி, உளையுது.
குத்தேல்லை, கடுக்கேல்லை,
உள்ளுக்கை கிடந்து உளையுது."

மாத்தறையால் வந்த புது டொக்டர்
என் முகத்தைப் பார்க்கிறார்.
எனக்குத் தெரிந்த சிங்களத்தில்
நோவுக்கு ஒரு சொல்தான்.
அதைச் சொன்னேன்.
எழுதிக்கொண்டு போய்விட்டார்.

டெங்குக் காய்ச்சல் பெடியனுக்கு
மூன்றாம் தரமும் நரம்பு தேடி,
சேலைன் போத்தல் மாற்றி,
விடிய நாலரைக்குத் திரும்பினால்
அவ பாயில் எழும்பி இருக்கிறா.
"இரு பிள்ளை.
பின்னேரம் தொடக்கம் நிக்கிறாய்,
கால் என்ன செய்யுது?"

ஏழு மணிக்கு வாட்டைக் கையளிக்க முதல்
டிக்கற்றில், அவருடைய எழுத்துக்குக் கீழே
தமிழில் எழுதிவைத்தேன்:
உளைவு.

ஆர் வாசிக்கப்போகினம்.