எண் மூன்று

கெண்ட் நகரத்துக் கிடங்கில், ஈர நவம்பரில்
இரண்டு வண்டிகளைப் பக்கம் பக்கமாக நிறுத்தியிருந்தார்கள்.
இரண்டும் சிவப்பு. இரண்டும் ஒற்றையாள் பந்தயக் கார்.
இரண்டின் தகட்டிலும் ஒரே எழுத்து:
ப்ரந்தோலி, பிரேஷா, 1937, எண் 3.

செய்ததே மூன்றுதான்.
முதலாவது ஓடுபாதையில் எரிந்தது.
இரண்டாவதைப் போருக்கென்று உருக்கிவிட்டார்கள்.
கணக்குப்படி மிச்சம் ஒன்று.
என் கண்ணெதிரே இரண்டு.

ஏலக்காரர்கள் எனக்குக் கூலி தருவது
ஒரு சொல்லுக்கு.
படிவத்தில் இரண்டு கட்டம்: மெய், பொய்.

இடப்பக்க வண்டி பல் மருத்துவர் வான் ஹெல்மண்டுடையது.
எஞ்சின் அசல்; சுற்றியுள்ள உடம்பு இங்கே செய்தது.
வலப்பக்க வண்டி ரொசாரியோவிலிருந்து
இபார்லூசியா கப்பலேற்றிக் கொண்டுவந்தது.
சட்டகம் அசல்; உள்ளே துடிப்பது வேறொன்றின் இதயம்.
இருவரும் முகம் பாராமல்
ஒரே பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக்கொள்கிறார்கள்.

காகிதங்கள் சொல்வது இவ்வளவு:
ஒத்தோரினோ ஃபஸ்ஸா கடனுக்கு விற்றான், நாற்பத்தெட்டில்.
அட்லாண்டிக் தாண்டி அர்ஜென்டினா போனது.
மாவு மில்லில் கணக்கெழுதிய டெல்ஃபினா ஓஸ்டோயிச்
மூன்று வருடச் சம்பளத்தில் வாங்கினாள்.
பெண்களுக்கு அனுமதியில்லை என்பதால்
பட்டியலில் 'டி. ஓஸ்டோயிச்' என்று மட்டும் இருக்கிறது.
தன்தில் வளைவில் இடுப்பு முறிந்தது.
ஏழு மாதம் கழித்து அதே வளைவில்
நான்காவதாக வந்தாள்.

ஐம்பத்துநாலில் பணமுடை.
பரானா ஆற்றுப் படகுக்காரன் எஞ்சினை மட்டும் கேட்டான்.
கையோடு இருக்கையையும் கேட்டான், கொடுத்துவிட்டாள்.
அங்கிருந்துதான் எல்லாம் கூடு விட்டுக் கூடு பாய்ந்தது:
படகு மூழ்கியது, எஞ்சினை மீட்டார்கள்,
அது இருக்கையோடு பெல்ஜியம் வந்து சேர்ந்தது.
சட்டகம் லாரி எஞ்சினோடு ஊர்ப் பந்தயம் ஓடிக் களைத்து
செங்கல் மேல் நின்றது, இருபது மழைக்காலம்.

இருக்கையைக் கேட்டேன்.
பல் மருத்துவர் தயங்கித்தான் கழற்றித் தந்தார்.
தையலைப் பிரித்தேன்.

மேலே புதுத் தோல், செர்ரிச் சிவப்பு.
கீழே படகுக்காரனின் தார்ப்பாய்;
விரலில் ஆற்றுச் சேற்றின் வாடை.
அதற்கும் கீழே சாம்பல் கம்பளி, நாலாய் மடித்தது,
இடப்பக்கம் மட்டும்.
ஒருபக்கம் மட்டும் திண்டு வைப்பதை
அழகென்று எவரும் செய்ததில்லை.
கோணலாய்க் கூடிய எலும்புக்கு
இரண்டு விரற்கடை உயரம் தேவைப்பட்டிருக்கிறது.

அடியில் குதிரை மயிர்,
ஃபஸ்ஸாவின் கனம் பதித்த குழியோடு.
இருநூற்றிருபது குதிரைச் சக்தி என்று விளம்பரம்.
நான் கையால் தொட்ட குதிரை இது ஒன்றுதான்.

பிறகு, யாரையும் கேட்காமல்,
அதைத் தூக்கி வலப்பக்க வண்டிக்குள் வைத்தேன்.
நான்கு துளை, நான்கு ஆணி.
பின்துளை ஒன்று நீள்வட்டமாய்த் தேய்ந்திருந்தது,
அதன் கீழே சட்டகத்தின் துளையும், அதே சாய்வில்.
இடக் குழாயில், உயர்ந்த முழங்கால் உரசும் இடத்தில்
உள்ளங்கை அகலத்துக்கு இரும்பு வழவழத்தது.
'அதைப் பூசி மறைக்கச் சொன்னான் பெயிண்டர்,
பணம் பத்தாமல் விட்டேன்' என்றார் இபார்லூசியா.

வான் ஹெல்மண்ட் முதல்முறையாக
அந்தப் பக்கம் வந்து குனிந்தார்.
இரண்டு தலையும் ஒரே துளைக்கு மேல்.
நுழைந்து பார்க்க ஆசைதான், இருவருக்கும்.
ஒருவருக்குத்தான் இடம்.
இருவருமே அதற்குப் பருமன்.

படிவத்தை நான் நிரப்பவில்லை.
கூரையில் மழை பலத்தது.
விளக்கணைக்க வந்த காவலாளி ஜோஸ்
சாவிக்கொத்தைக் கையில் பிடித்தபடி கேட்டான்:
'நாற்காலி ராத்திரிக்கு எந்த வண்டியில்?'