வீட்டில் ஆள் இல்லை

என் பெயரின் பின்பாதி ஒரு முழு வாக்கியம்.
செக் மொழியில் நெடோமா என்றால்
வீட்டில் ஆள் இல்லை.
பெண் என்பதால் ஒரு வால் சேர்த்து நெடோமொவா.

நான் தபால்காரி.
பர்துபித்ஸேயில் ஆற்றுக்கு வடக்கே
நானூற்றுப் பத்துக் கதவுகள் என் பொறுப்பு.
பதிவுத் தபாலை வாங்க யாரும் வராவிட்டால்
சீட்டில் எழுதிச் செருகுவேன்:
வீட்டில் ஆள் இல்லை.
அடியில் கையெழுத்து:
வீட்டில் ஆள் இல்லை.
பிரிப்புக்கூடத்து ஹினெக்
ஆறு வருடமாக இதற்குப் புதிதாகச் சிரிக்கிறார்.

ஆறு வருடம் முன்பு
கணவனின் பெயரை அவனிடமே திருப்பிக் கொடுத்தேன்.
பழையதையே எடுத்துக்கொள்கிறீர்களா
என்று கேட்டாள் அலுவலகப் பெண்.
எடுத்துக்கொண்டேன்.
படியிறங்கும்போதுதான் உறைத்தது
யாருடையது என்று பார்க்காமலே வாங்கியிருக்கிறேன்.

பிறகு வியாழக்கிழமைகள்.
ஆவணக் காப்பகத்தில் பென்சிலுக்கு மட்டும் அனுமதி.
திருமதி ஹவ்ரான்கோவா பதிவேடுகளைத்
தூங்கும் குழந்தைகளைப் போல ஏந்தி வருவார்.
ஒரு பாதிரியாரின் எழுத்து முள்வேலி.
இன்னொருவர் ஞானஸ்நான விருந்து முடிந்து
ஏப்பத்தோடு எழுதியிருக்கிறார்.
அப்பா, அவர் அப்பா,
இரண்டு நெசவாளிகள்,
மன்னிக்கப்பட்ட ஒரு குதிரைத் திருடன்,
ஏழு பிள்ளைகளில் ஐந்து சிலுவைக்குறிகள்.
எல்லோரும் நெடோமா. எல்லோரும் ஒல்ஷின்கா கிராமம்,
ஒன்பதாம் எண் பண்ணை.

1731இல் அடித்தல் திருத்தல்.
தோபியாஷ் வர்ஸால்,
நெடோமா பண்ணையின் விதவை ரோஸினாவைக் கட்டியவன்.
மறுவருடம் மகனின் ஞானஸ்நானத்தில்
வர்ஸால் மேல் ஒரு கோடு,
கோட்டின் மேல் நெடோமா.
வீட்டோடு மாப்பிள்ளை.
வீடு அவனுக்குச் சோறும் போட்டது
பெயரும் போட்டது.

வர்ஸால் என்றால் கிறீச்சிட்டான்.
எண்ணெய் காணாத கதவு கிறீச்சிடுமே, அப்படி.
என் ரத்தத்தின் பெயர் அதுதான் என்று
தொண்டையைச் செருமிப் பார்த்தேன்.
திருமதி ஹவ்ரான்கோவா நிமிர்ந்து முறைத்தார்.

ரோஸினாவின் முதல் கணவனும்
வேறு பெயரோடு வந்து இந்தப் பெயரோடு செத்தவன்.
அவனுக்கு முந்தைய இருபது பக்கங்களை
எலி படித்து முடித்திருந்தது.
முதன்முதலில் வீட்டில் இல்லாதவன் எங்கே போயிருந்தான்?
கதவைத் தட்டியது வரிக்காரனா, சிப்பாயா,
கடன் கொடுத்தவனா?
ஊகத்துக்கு இங்கே பென்சில்கூடக் கிடையாது
என்றார் திருமதி ஹவ்ரான்கோவா.

விடுப்பு எடுத்து ஒல்ஷின்காவுக்குப் போனேன்.
தீயணைப்பு நிலையத்தின் முன்
சைக்கிள் டியூபை வாளித் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தவர்
குமிழியிலிருந்து கண் எடுக்காமல் சொன்னார்:
நெடோமாவா? சர்ச்சுக்குக் கீழே.
இப்போது இருப்பார், கடையை மதியம் மூடிவிடுவார்.

இருப்பாராம்.
சரிவில் கிட்டத்தட்ட ஓடினேன்.

தபால்பெட்டியைத்தான் முதலில் பார்த்தேன், தொழில் புத்தி.
அச்சடித்த எழுத்தில் ஃபுங் வான் கை.
அதன் கீழே பால்பாயின்டில் நெடோமா.

வாங்கிப் பத்து வருடம் என்றார், தேநீர் ஊற்றியபடி.
ஹனோய்க்கும் அப்பால் பிறந்தவர்.
வந்த வாரமே ஊர் எங்களை நெடோமா ஆக்கிவிட்டது.
பெட்டியில் அதையும் எழுதினால்தான்
கடிதம் ஒழுங்காக வருகிறது.
அர்த்தம் என்னவென்று
பள்ளியிலிருந்து வந்து மகள்தான் சொன்னாள்.
நிறையச் சிரித்தோம்.
அன்றிரவு படுத்த பிறகு
கொஞ்ச நேரம் சிரிக்கவில்லை.

என் பெயரைச் சொன்னேன்.
கோப்பையை வைத்துவிட்டுப் பாதி எழுந்தார்.
அப்படியானால் இந்த வீடு உங்களுடைய...
அலமாரிப் பக்கம் போனது அவர் கண்.
பத்திரம் அங்கேதான் இருக்க வேண்டும்.

இல்லை, இல்லை.
அது தபால் நிலையத்தில் கூப்பிடுவது.
என் பெயர் வர்ஸாலொவா.
பொய் என்று முழுதாகச் சொல்ல முடியாது.
முந்நூறு வருடங்களில் அதை
ஒரு வாய் சொன்னது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

இன்னொரு கோப்பை குடித்தேன்.
வாசல்வரை வந்து வழியனுப்பினார் திரு. நெடோமா.
கீல்களில் எண்ணெய் மினுங்கியது.
எனக்குப் பின்னால் கதவு
சத்தமே இல்லாமல் சாத்திக்கொண்டது.