கலம்

பெயர் மீராலெவ்வை உதுமான். அறுபத்தொன்பது வயது.
இடது கன்னம். மூன்று மாதம். நோவில்லை.
படிவத்தின் மூலையில் சத்திரசிகிச்சைக்காரர்
‘நீர்க்கட்டியோ?’ என்று கிறுக்கியிருக்கிறார்.
கேள்விக்குறியில் பேனை மை தீர்ந்துவிட்டது.

கெங்காதரன் மெழுகோடு சீவித் தந்த துண்டு
வெங்காயச் சவ்விலும் மெலிது.
கண்ணை வைக்கிறேன்.

நீலம். உருண்டை. நீலம். உருண்டை.
இடம் போதாமல் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு,
கருவுக்குள் உப்பும் மிளகுமாய்த் தூவி,
பிளவுபடுகிறவற்றை எண்ணத் தொடங்கி
நாற்பதில் விட்டுவிட்டேன்.

இப்படித்தான் இருக்கும் நிணநீர்ப் புற்று.
நிறமிழந்த மெலனோமாவும் இப்படி வேஷம் போடும்.
நுரையீரலில் பிறந்து
தோலில் வந்து கரையொதுங்கியதும் இதே முகம்தான்.
மார்க்கல் என்றும் ஒன்று உண்டு.
பதினொரு வருடத்தில் இரண்டு தரம் கண்டேன்,
அதில் ஒரு தரம் நான் கண்டது பிழை.
அந்தப் பிழைக்கு ஒரு பெயர் இருந்தது, நிலாவெளியில் ஒரு முகவரியும்.

எங்கள் விஞ்ஞானப் புத்தகத்தில் செல் என்பது கலம்.
உவர்மலையில் வகுப்பு யன்னலுக்குக் கீழே துறைமுகம்.
‘உடல் கலங்களால் ஆனது’ என்று ரீச்சர் வாசிக்க
நான் கப்பல்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.
இரவில் தூரத்துக் கலத்துக்கு முகமில்லை,
சிவப்பு எந்தப் பக்கம், பச்சை எந்தப் பக்கம்
அவ்வளவுதான். அதை வைத்தே
வருகிறதா போகிறதா என்று சொல்லவேண்டும்.

அந்த விளக்குகளை ஏற்றும் சாயம் இங்கே இல்லை.
மெழுகுக் கட்டி, ஒரு முட்டாசியளவு,
இரவு றெயிலில் கொழும்புக்குப் போனது.

கூடவே என் கேள்விகளும்:
உன் சொந்த இடம் எது?
இங்கேயே பிறந்தாயா, எங்கிருந்தாவது வந்தாயா?
யாருடைய ஆள்?

எழுதிவிட்டுக் கை நின்றது.
அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
சாவடியில் ஒருவன் என்னிடம் கேட்டவை இவை.
அவன் முகம் மறந்துவிட்டது, கேட்ட தொனி மறக்கவில்லை.
இன்றைக்கு நான் கேட்கிறேன்.
பிறந்ததா வந்ததா என்பதில்
கிண்ணியாவில் ஒரு மனிதனின் மருந்து இருக்கிறது.
வேறெங்கும் இந்தக் கேள்வியை நான் வைத்திருக்கமாட்டேன்.

ஒன்பதாம் நாள் யன்னலடியில் ஒருவர்.
கன்னத்தில் பிளாஸ்திரி. சாரம், வெள்ளைத் தொப்பி.
‘டொக்டர், எழுதியாச்சா?’
இரண்டு மில்லிமீட்டரில் அவரை எனக்கு நன்றாகத் தெரியும்,
முழுசாய்ப் பார்ப்பது இதுதான் முதல்.
பாலம் வருமட்டும் துறையடிப் பாதையில் வேலையாம்,
இருபத்தாறு வருடம்.
‘வெயிலுக்கு எப்பவும் இந்தப் பக்கத்தைத்தான் குடுத்தன்’ என்று
பிளாஸ்திரியைத் தொட்டுச் சிரித்தார்.
அறிக்கை வைத்தியரிடம் போகும் என்றேன்.
அதுதான் விதி. விதி நல்லதுதான்,
அதற்குப் பின்னால் நிற்கலாம்.
மதிலோரம் ஒரு புள்ளிமான்
பொலித்தீன் பையைச் சப்பிக்கொண்டிருந்தது.
பத்தரை வெயில் நேரே அவர் கன்னத்தில்.
‘கொஞ்சம் நிழலுக்கு வாங்கோ’ என்றேன்.
வேறெதுவும் சொல்ல எனக்கு அனுமதியில்லை.
வந்தார்.

பன்னிரண்டாம் நாள் ஸ்லைட்டுகள்.
நிணநீர்ச் சாயம், ஒன்றும் பிடிக்கவில்லை.
மெலனோமாவுக்கு இல்லை. நுரையீரலுக்கும் இல்லை.
கடைசியில் கெரட்டின் இருபது.
உருப்பெருக்கியைத் திருப்பினேன்.

கருவின் ஓரத்தில் கபிலமாய் ஒரு புள்ளி.
பக்கத்துக் கருவிலும்.
அதற்குப் பக்கத்திலும்.
நங்கூரம் போட்ட தோணிகள்
ஆளுக்கொரு விளக்கோடு.

வடிவாய் இருந்தது. அதைச் சொல்லத்தான் வெட்கம்.

‘மார்க்கல் கலப் புற்று’ என்று தட்டச்சினேன்.
விளிம்பு: எட்டவில்லை, இன்னும் அகலமாய் வெட்டவேண்டும்.
கழுத்து நெறிகளைப் பார்க்கவும்.
‘அவசரம்’ என்பதற்குக் கீழே இரண்டு கோடு.
பிறகு நிலாவெளிப் பெட்டியை மேலே இருந்து இறக்கி
அந்தப் பழைய கண்ணாடியை
ஒருக்கால் மறுபடியும் பார்த்தேன்.