ஏழாவது நிமிடத்தில் ரயில்

அரிசி டப்பாவில் கைபேசியைச் சாய்த்து
மின்விசிறியை நிறுத்திவிட்டு
ராத்திரி பத்தேகாலுக்குப் பாடம் எடுத்தேன்.
மே மாதம் விட்டுவைத்த வெயில்
இன்னும் சுவரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது.

"அடைப்புக்குறிக்கு வெளியே கழித்தல் நின்றால்
உள்ளே இருக்கிற ஒவ்வொன்றுக்கும் குறி மாறும்.
புரிஞ்சுதா?"
கேட்டுவிட்டு, வழக்கம்போல, காத்திருந்தேன்.
சமையலறையில் யாரும் தலையாட்டவில்லை.

காட்பாடியில் இரண்டு நாள் பயிற்சி,
டீ, பிஸ்கட், சான்றிதழ்.
பாடம் வீட்டில், வீட்டுப்பாடம் வகுப்பில்.
தோசையைத் திருப்பிப் போடுவதுபோலத்தான்
என்றார் வந்திருந்தவர்.
திருப்பிப் போடத் தெரியும் எனக்கு.
முதல் பக்கம் வெந்ததா என்று
யார் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது?

மறுநாள், ஒன்பதாம் வகுப்பு, ஆ பிரிவு.
"வீடியோ பார்த்தவங்க?"
முப்பத்தெட்டு கை.
"ஏழாவது நிமிஷத்துல என்ன வந்துச்சு?"
கீழே எதையோ தேடுவதுபோல
கைகள் ஒவ்வொன்றாக இறங்கின.
ஒன்பது பேர் மட்டும் சிரித்தார்கள்.
"ரயிலு மிஸ்."

மேல்பட்டி கேட்டைத் தாண்டிய சரக்கு வண்டி
என் குரலை ஏற்றிக்கொண்டு போனதை
அழிக்கத் தெரியாமல் அப்படியே விட்டிருந்தேன்.
அந்த ஒன்பதிலும் ஒருத்தன்
ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டினானாம்.
"வாத்து மாதிரி பேசறீங்க மிஸ்."

மற்றவர்களுக்கும் காரணம் இருந்தது.
ரோஷிணியின் அம்மாவுக்கு ஷூ கம்பெனி.
போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.
எட்டு மணிக்கு இருவரும் வீடு திரும்பும்போது
போனுக்கு நாலு சதவீதம் மிச்சம்.
அம்மாவுக்கு எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.

பெஞ்சுக்கு ஒரு ரயில் பார்த்தவரை உட்காரவைத்தேன்.
பயந்து, எண்கள் மட்டும் வைத்துச் சுலபமாய் ஒன்று எழுதினேன்:
9 − (4 + 3)

அப்புறம் எனக்கு வேலையில்லை.
பதினாறு வருஷமாய் நாற்பது நிமிடத்தை நிரப்பிய வாயை
எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
சாக்பீஸை உடைத்தேன். பாதியை மறுபடி உடைத்தேன்.
ஜன்னலில் தலைமையாசிரியை ஜெயசீலி:
"என்ன டீச்சர், பாடம் நடத்தலையா?"
"நடக்குது மேடம்."

பெஞ்சுகளுக்கு நடுவே போனேன்.
குபேரன் எட்டு என்று எழுதியிருந்தான்.
போன வருஷமும் எட்டுதான் எழுதினான்.
சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டு
'கவனம்' என்று எழுதினேன், அதற்கு முந்தின வருஷமும்.
இன்றைக்குத்தான் கேட்டேன், எப்படிடா?

"குறி நாலு பக்கத்துலதான மிஸ் கீது.
மூணு பாட்டுக்கு உள்ள கீது.
மூணு இன்னா பண்ணுச்சி?"

என்னிடம் பதில் இருந்தது.
பதினோரு நிமிடம் ஓடும் பதில்.
அதற்குள், நோட்டிலிருந்து தலையெடுக்காமல் முபீனா:
"குழு லோனு மாதிரிடா.
வசூலுக்கு வந்து வாசல்ல நின்னா
வாங்கினவளுக்கு மட்டுமா?
உள்ள இருக்கிற எல்லாருக்கும்தான் மூஞ்சி மாறும்."

குபேரன் கொஞ்ச நேரம்
அந்த மூன்றையே பார்த்தான்.
விரலில் எச்சில் தொட்டுக் கூட்டல் குறியைத் தேய்த்தான்.
தாள் லேசாய்க் கிழிந்தது.
கிழிசலுக்குப் பக்கத்தில்
இரண்டு என்று எழுதினான்.

மணி அடித்ததும் முபீனா மேசையருகே வந்து நின்றாள்.
"நான் சொன்னத வீடியோல சொல்லிடாதீங்க மிஸ்."
"ஏம்மா, நல்லாத்தானே இருந்துச்சு?"
"எங்கம்மா போன்லதான் பாக்கறேன்.
அவங்களும் பக்கத்துல இருப்பாங்க."

இன்று ராத்திரி அதே டப்பா, அதே சுவர்.
விட்டுப்போன இருபத்தொன்பது பேருக்காக
அதே பாடத்தை மறுபடி எடுக்கிறேன்.
குறி மாறும் என்றேன்.
ஒவ்வொன்றுக்கும் என்றேன்.
அதற்கு மேல் சொல்லக்கூடாத இடம் வந்தபோது
பேச்சை நிறுத்திக்கொண்டேன்,
ரயில் வரட்டும் என்று.