மீன் தராசில் ஒரு பை

வால்பரைசோவில் சமதளம்
கடலுக்கு மட்டும் வாய்த்தது.
மற்ற எல்லாருக்கும் படிகள்.
பட்டாம்பூச்சிகள் என்று பெயர் வைத்த குன்றில்
குழாய் ரிப்பேருக்கு ஏறுகிறேன் நான், யாஸ்னா ஒயார்சுன்.
வேன் கீழேயே நின்றுவிடும்.
முன்னூற்றுப் பன்னிரண்டு படி.
எண்ணியது நான் இல்லை, என் வலது முழங்கால்.

கிளம்புமுன் போனில் கேட்பேன்:
குழாய் இரும்பா, செம்பா, பிளாஸ்டிக்கா?
பதில் எப்போதும் ஒன்றுதான்:
"தண்ணீர் வருது."
அதனால் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போவேன்.

முதலில் தகரப் பெட்டி வைத்திருந்தேன்.
நான் வருவதை எனக்கு முன்னால் போய்ச் சொல்லும்;
தெருநாய்கள் எல்லாம் எழுந்து வரும்.
பிறகு வாளி. அன்றைக்குத் தேடுவது எதுவோ
அதுவே வாளியின் அடியில் கிடக்கும்.
இப்போது கான்வாஸ் பை, தோளுக்குக் குறுக்கே.
வெளியறையில் குறடு, டார்ச், டெஃப்லான் டேப்.
உள்ளே தலைகீழாய்ப் பைப் ரெஞ்ச் இரண்டு,
ஒன்று பிடிக்க, ஒன்று திருக.
அரத்துக்குப் பழைய காலுறை.
ஹாக்ஸா பிளேடுக்குத் தோட்டக் குழாயில் வெட்டிய துண்டு.
அது மட்டும் என் சுட்டுவிரல் சொன்ன யோசனை,
மூன்று தையலுக்குப் பிறகு.

மீன் சந்தையில் உலிசெஸ்
பையைத் தராசில் ஏற்றிப் பார்த்தான்.
பதினான்கு கிலோ நானூறு.
"என்ன மீன் இது? குடல் எடுக்காமலா விற்கிறாய்?"

அன்றிரவே குடல் எடுத்தேன்.
ஒவ்வொரு கருவியின் கழுத்திலும் நீல நூல் ஒரு சுற்று.
வேலைக்கு எடுத்தால் நூலை அறுத்துவிட வேண்டும்.
மாதம் முடிந்து பார்த்தால்
ரசமட்டம் நூலோடு.
சின்னச் சம்மட்டி நூலோடு.
இரும்பு உளி, நூல்கூட அழுக்காகாமல்.
வேனிலேயே இருங்கள் என்றேன்.
இன்னும் சிலதையும் இறக்கினேன்.
ஒன்பது கிலோ எழுநூறு.
அன்று படிகள் கொஞ்சம் குட்டையாய் இருந்தன.

மறுநாளே, வேறென்ன,
மேல்வரிசை மஞ்சள் வீட்டில்
சுவருக்குள் இருந்தது கசிவு.
எலியாசார் பாய்சா
தன் சமையல் கத்தியைப் பெருமையோடு நீட்டினார்.
முழங்காலிடம் கேட்டேன்.
பதில் இல்லை.

பாய்சா பால்கனிக்குப் போய்க் கத்தினார்.
கீழ்வீட்டுப் பெண் துணி உலர்த்திக்கொண்டே
இன்னும் கீழே கத்தினாள்.
உளி என்ற சொல் வீடு வீடாய் இறங்கியது.
இறங்க இறங்கத் தேய்ந்திருக்க வேண்டும்:
முதலில் ஏறி வந்தது ஒரு ஸ்குரூ டிரைவர்.
அடுத்து ஐஸ் உடைக்கும் ஊசி.
அடுத்து, பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி,
கையில் தோசைத் திருப்பி போன்ற ஏதோ,
"இது இல்லைன்னா அம்மாவுக்கு உடனே வேணும்."
கடைசியாகக் கயிற்றில், ரொட்டி வாங்கும் கூடையில்,
செய்தித்தாள் சுற்றி, நல்ல கனத்த இரும்பு உளி.
கூடவே சம்மட்டி. நான் கேட்கவில்லை.
உளியை அறிந்த யாரோ அனுப்பியிருக்கிறார்கள்.

இறங்கும்போது விசாரித்தேன்.
தொண்ணூற்று நான்காம் படி, நீலக் கதவு.
துறைமுகத்தில் இரவு ஷிப்ட் பார்க்கும் ஃபெர்மின்
தூக்கக் கண்ணோடு இரண்டையும் வாங்கி,
உளியின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.
"இங்கேயேதான் இருக்கும். வேணும்னா தட்டு.
மதியத்துக்கு மேல் தட்டு."

இப்போது பையில் ஒரு சின்ன நோட்டும் உண்டு.
படி 94: உளி, சம்மட்டி. மதியத்துக்கு மேல்.
படி 140: ஏணி. நாய் கடிக்கும்;
பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கடிக்காது.
பெயரை எழுத மறந்துவிட்டேன்.
படி 203: ரசமட்டம்.
தேநீர் குடிக்காமல் தரமாட்டார்கள். அரை மணி.
படி 61: என் பெரிய பைப் ரெஞ்ச்.
இரண்டு நாளில் தருவதாக வாங்கியது.
இன்றோடு பத்தொன்பது நாள்.

ஏழு கிலோ இருநூறு என்கிறான் உலிசெஸ்.
மீன் மெலிஞ்சு போச்சு என்கிறான்.
அவனிடம் சொல்லவில்லை:
அதில் இரண்டு கிலோ
படி அறுபத்தொன்றில்
கதவைத் திறக்காமல் இருக்கிறது.