ஒன்பதும் பத்தும்

ஆசாரிப்பள்ளத்தில் டிஸ்சார்ஜ் ஆகி
இருபத்தாறாம் நாள்.
குலசேகரம் தாண்டி எங்கள் வீட்டில் சிக்னல் கிடைப்பது
ஷீட் அடிக்கிற ரோலருக்குப் பக்கத்தில் மட்டும்தான்.
நாற்காலியை அங்கேதான் போடுவாள் ரெஜினாள்.

பத்து மணிக்குத் திரையில் வருகிறாள் ஷைனி.
"கப்பை எடுங்க அண்ணாச்சி. வைங்க. மூச்சை அடக்காதீங்க."

சிரட்டை என்றால்
ஒரு விடிகாலைக்கு முன்னூற்றைம்பது மரத்தில்
எடுத்து ஊற்றி மாட்டிய கை இது.
சீனி அளக்கிற கப்பு
அதற்கு எட்டவில்லை.
தோளில் மாட்டிய ஈரச்சாக்கு மாதிரி
மடியில் கிடக்கிறது.

சரி என்கிறேன்.
வாயிலிருந்து வருவது வேறெதுவோ.
"சரீன்னு சொல்லுதாவ," என்கிறாள் ரெஜினாள்
போனைப் பிடித்தபடி.

என் கத்தியும் தலைவிளக்கும்
மூன்று மணிக்கு அவளோடு போய்விடுகின்றன.
நேற்று வந்து சொன்னாள்:
"ஆறாம் வரிசை முழுக்க
பட்டைய ரொம்ப ஆழமா வெட்டிப் போட்டிருக்கிய."
பதில் சொல்ல
நாக்கு இல்லாதது நல்லதாய்ப் போயிற்று.

இன்று ஐந்தில் திரை ஆடியது.
ஆறில் சாய்ந்தது.
போன் அவள் மடியில் மல்லாந்து கிடக்க
ரப்பர்பால் மணக்கும் விரல்கள் விரிந்தபடி
உட்கார்ந்தே உறங்கிவிட்டாள்.

"ஏழு… அண்ணாச்சி, கூரைதான் தெரியுது…
செய்யுறீங்கல்ல? எட்டு…"

அப்போதுதான்
என் சுண்டுவிரல் கப்பின் காதைத் தொட்டது.
தொட்டதா, கப்பு சரிந்ததா,
சத்தியம் பண்ண மாட்டேன்.

எழுப்பவில்லை.
ஒன்பதும் பத்தும்
ஷைனி கூரைக்கு எண்ணினாள்.