தலையெழுத்து

நள்ளிரவு தாண்டி ஆல்டர்ஸ்கேட் சந்தில்
கதவைத் தட்டினார் ஆம்ப்ரோஸ் ஃபெல்.
தொப்பியில் பனி. உள்சட்டையிலிருந்து உருவிய தாளில்
வியர்வை பட்டு மை கசிந்திருந்தது.
"இரங்கற்பா" என்றார்.
யாருக்கென்று நான் கேட்கவில்லை.
மேடையில் கோடரி இறங்கி ஆறு நாள்.

இவரைத் தெரியும் எனக்கு.
இருபத்துநான்கு வருஷம் முன்பு
இந்த அரசனின் தகப்பன் படுக்கையில் செத்தபோது
நாற்பது வரி கொண்டுவந்தார்.
முப்பத்தெட்டில் தேம்ஸ் அழும், ஓக் மரம் முறியும்,
தேவதைகள் வரிசையாகக் கறுப்பு உடுத்தும்.
கடைசி இரண்டில்
விழுந்தது சூரியன், இதோ இன்னொன்று எழுந்தது,
கண்ணே, துடைத்துக்கொள்.
என் கணவர் சிரித்தபடியே கோத்தார்:
அழுகைக்கு இரண்டு ஷில்லிங்,
விடியலுக்கு ஒன்று.

"இந்த முறையும் நாற்பதா?"
"முப்பத்தெட்டு."

மெழுகுவர்த்திக்குத் திரை கட்டி எழுத்துப் பெட்டியைத் திறந்தேன்.
கிங் என்று தொடங்க, பெரிய 'கே' பதினொன்றே மிச்சம்.
மற்றவை போரில் குண்டாக உருகிப் போயின.
எந்த 'கே' எந்தப் பக்கத்து மார்பில் என்று
ஈயத்துக்குத் தெரியாது.
எனக்கு ஒன்று தெரியும்.
வெட்டியவர்கள் பக்கம் நின்றான் என் ஜெர்வாஸ்.
அவனுக்காக யாரும் இந்தக் கதவைத் தட்டவில்லை.

பன்னிரண்டாவது அரசனுக்குச் சின்ன எழுத்து வைத்தேன்.
ஃபெல் முகம் சுளித்தார்.
"தலையெழுத்து தீர்ந்துவிட்டது, ஐயா."

கீழே இரண்டு வரி அகலம் காலி.
"பழைய இரண்டையே போடட்டுமா?"
"எழ வேண்டியவன் கடலுக்கு அப்பால் இருக்கிறான்.
எழுந்தான் என்று அச்சிட்டால் நாம் தொங்குவோம்."
"எழவில்லை என்று?"
"அது கவிதையாகாது." மூக்கைத் துடைத்துக்கொண்டார்.
"வெறுமையாக விடு."

சும்மா விட முடியாது.
அச்சில் வெற்றிடமும் ஈயம்தான்,
மை தொடாதபடி உயரம் குறைத்த கட்டைகள்.
அடைக்காவிட்டால்
மேலே அழும் முப்பத்தெட்டும் சரிந்து விழும்.
குளிரில் விறைத்த விரலால்
ஒவ்வொன்றாக எண்ணி வைத்தேன்.
முதல் வரி அரசனுக்கு.
இரண்டாவது யாருக்கென்று
அவரும் கேட்கவில்லை.

விடிவதற்குள் எழுபது தாள்.
சுற்றிலும் இரண்டு விரல் தடிமனுக்குக் கறுப்பு விளிம்பு,
அதற்கே பாதி மை செலவு.
சணல் கட்டுக்குள் ஒளித்து எடுத்துப் போனார்,
பாக்கி ஒன்பது பென்ஸ்.

கட்டைவிரலில் ஒட்டிய மை
சாம்பலுக்கும் சோப்புக்கும் போகவில்லை.
ஞாயிறு தேவாலயத்தில்
கையுறையைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தேன்.